கைக்கு எட்டிய சாட்சிகள்

அத்தியாயம் ஆறு

"ரொம்ப மரியாதை தெரிஞ்ச சுவர் இது, அக்கா. யாரையும் ஏணி ஏற வைக்கக் கூடாதுன்னு, கைக்கு எட்டுற உயரத்துல மட்டும் பாத்துப் பாத்து உடைஞ்சிருக்கு!"

டிக்கெட் சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரித்தான். கூடச் சிரிக்க அங்கே ஆள் இல்லை. உயரமான அந்தக் கோபுரத்துக்குள் அவன் சிரிப்பு மட்டும் மேலே போய் முட்டிவிட்டுத் திரும்பி வந்தது.

டிக்கெட் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பதினெட்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்து, மேலதிகாரியின் மாமனாரிடம் டிக்கெட் கேட்ட குற்றத்துக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். அன்றிலிருந்து கூடப்பிறந்த அக்காவிடம் ஒட்டிக்கொண்டுவிட்டான். அந்த அக்கா யார் தெரியுமோ? இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் எரிந்த கடைகளையும் இடிந்த வீடுகளையும் பார்த்து, எது தானாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று சொன்னவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். தம்பி கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றே அழைத்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது பழைய தீயணைப்பு நிலையத்தின் கோபுரம். தண்ணீர்க் குழாய்கள் துணியில் செய்யப்பட்ட காலத்தில், தீயை அணைத்துவிட்டு வந்ததும் நனைந்த குழாய்களை இந்தக் கோபுரத்தின் உச்சியிலிருந்து தொங்கவிட்டுக் காய வைப்பார்களாம். தீயணைப்பு வண்டிகள் வேறு இடத்துக்குப் போய்விட்டன. கட்டடத்தைப் பழைய மாதிரியே செப்பனிடும் பொறுப்பை, பழைய கட்டடங்களைப் பேணுவதையே தொழிலாகக் கொண்ட ஓர் அலுவலகம் ஏற்றிருந்தது. அதன் தலைவர் ஆர்க்கிடெக்ட் பக்கத்தில் நின்றார். எழுபதை நெருங்கும் மனிதர். சட்டைப் பையில் நான்கு பென்சில், காதில் ஐந்தாவது. அவர்தான் அக்காவை அழைத்தவர்.

"வெடிப்பைப் பாத்ததும் பூசி மறைக்க மாட்டோம்மா," என்றார் அவர். "ஒரு வருஷத்துக்குக் குறையாம உக்காந்து பாப்போம். வெடிப்புக்குக் குறுக்க மெல்லிசாக் கண்ணாடிச் சில்லு ஒட்டி, ஒட்டின சுண்ணாம்புல தேதி கீறி வெச்சிடுவோம். சுவர் நகராத வரைக்கும் கண்ணாடி முழுசா இருக்கும். நகர்ந்தா உடைஞ்சிடும். சாட்சின்னு பேர் வெச்சிருக்கோம். ஏன்னா அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

தெற்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு ஓடியது. அதன் குறுக்கே ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏழு சாட்சிகள். ஒவ்வொன்றும் விரல் நீளம், இரண்டு ஓரத்திலும் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு. கீழே இருந்த மூன்று நடுவில் உடைந்திருந்தன. மேலே இருந்த நான்கும் முழுசாக, சன்னல் வழியே விழுந்த வெயிலில் பளபளத்தன.

"வெடிப்பு மேலதானே அகலமாத் திறக்கும்?" என்று அக்கா கேட்டாள்.

"ஆமா. முறைப்படி மேல இருக்கிறதுதான் முதல்ல உடையணும். அதான் யாரோ கைவரிசை காட்டிட்டாங்களோன்னு..."

"எப்போ பாத்தீங்க?"

"இன்னைக்குக் காலைல. நகராட்சிக்கும் தெரிஞ்சுபோச்சு. நாலு மணிக்கு இன்ஜினியர் வர்றார். சுவர் நகர்ந்துடுச்சு, அடிச்சுவர்ல வெச்ச சுண்ணாம்பு சரியில்லன்னு எழுதப் போறார். எழுதிட்டா எங்க கொத்தனாரம்மா பேர் பட்டியல்ல இருந்து போயிடும். அப்புறம் இந்த ஊர்ல எந்தப் பழைய சுவரையும் அவங்க தொட முடியாது. முப்பது வருஷ வேலைம்மா!"

டிக்கெட் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு மணி ஐந்து நிமிஷம்.

அந்தக் கொத்தனாரம்மா படிக்கட்டின் கீழ் நின்றிருந்தாள். ஐம்பது வயது. சுண்ணாம்பில் ஊறி ஊறி வெளுத்த கைகள். பூசிய சுவருக்கு நனைந்த சாக்கைப் போர்த்தி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல மணிக்கொரு தரம் தொட்டுப் பார்ப்பாளாம். அதனால் வேலையாட்கள் அவளுக்கு ஈரச்சாக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"என் கை பட்ட சுவர். என் பேர்லயே எழுதச் சொல்லுங்க."

டிக்கெட்டுக்கு அது உறுத்தியது. பதினெட்டு வருஷத்தில் டிக்கெட் எடுக்காத ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறான். சண்டை போடுவார்கள், கெஞ்சுவார்கள், தூங்குவதுபோல நடிப்பார்கள். கேட்டவுடனே 'ஆமாம், எடுக்கவில்லை' என்று சொன்னவர்கள் யாரையோ காப்பாற்றவே அப்படிச் சொன்னார்கள், இல்லாவிட்டால் அதைவிடப் பெரிய எதையோ மறைத்தார்கள்.

அக்கா குனிந்து தரையைப் பார்த்தாள். "டேய், கீழ கண்ணாடித் தூள் இருக்கா?"

டிக்கெட் மண்டியிட்டுத் தடவினான். "ஒரு பொட்டுகூட இல்லக்கா."

"தட்டி உடைச்சிருந்தா தெறிச்சிருக்கும்." உடைந்த சாட்சியின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே தன் தலைமுடி ஒன்றை நுழைத்தாள். தடையில்லாமல் போனது. "பாதி ரெண்டும் விலகி நிக்குது. இதைப் பாத்தா சுவர்தான் உடைச்ச மாதிரி இருக்கு. உயரத்தைப் பாத்தா மனுஷக் கை மாதிரி இருக்கு."

"ரெண்டும் ஒண்ணையொண்ணு முறைச்சுக்கிட்டு நிக்குது."

"அதேதான்." கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, உடைந்த சாட்சியை ஒட்டியிருந்த சுண்ணாம்புப் பொட்டில் குத்தினாள். சோப்பில் இறங்குவதுபோல நுனி இறங்கியது. பிறகு அடிச்சுவரில் செங்கல்களுக்கு நடுவே இருந்த சுண்ணாம்பில் குத்தினாள். ஹேர்பின் வளைந்தே போய்விட்டது.

"இந்த அடிச்சுவர் வேலை எப்போ முடிஞ்சுது?"

"பதினாலு மாசம் ஆச்சு," என்றாள் ஈரச்சாக்கு. "சுண்ணாம்பு நாளாக நாளாக இறுகும்."

"சாட்சிலயும் பதினாலு மாசத்துக்கு முந்தின தேதிதான் கீறியிருக்கு. ஆனா சோப்பு மாதிரி இருக்கே. இது எத்தனை நாள் சுண்ணாம்பும்மா?"

ஈரச்சாக்கின் கை தன்னால் முன்னே வந்தது. பொட்டைத் தொடப் போன விரல் பாதியில் நின்று, புடவை முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது.

"தெரியாது."

அடுத்த நிறுத்தம் எதுவென்று தெரியாது என்று சொல்லும் கண்டக்டரைப் போல இருந்தது டிக்கெட்டுக்கு. சுவரை உற்றுப் பார்த்தவன் அக்காவின் முழங்கையை இடித்தான். உடைந்த சாட்சிகளின் ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் வெள்ளைப் பூச்சின் மேல் லேசான மஞ்சள் ஓரத்துடன் ஒரு சதுரக் கறை. ஏதோ ஈரமான துணியை வைத்து வைத்து எடுத்த தடம்.

"யாரோ பழைய சாட்சியை எடுத்துட்டுப் புதுசு ஒட்டியிருக்காங்க. பழைய தேதியைக் கீறியிருக்காங்க. போதாததுக்கு ஈரத்துணி போட்டுக் கவனிச்சிருக்காங்க!" குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஈரத்துணின்னாலே இங்க ஒரே ஒரு ஆள்தான்."

அக்கா வாசலை நோக்கி நடந்தாள். கோபுரத்தை விட்டு வெளியே வரும்போது டிக்கெட் வயிற்றைத் தடவிக்கொண்டான். உள்ளே நின்ற நேரம் முழுக்க 'ஊம்' என்று மெல்லிய உறுமல் ஒன்று காலில் ஏறிக்கொண்டே இருந்தது. மத்தியானம் சாப்பிடாததன் விளைவு என்று நினைத்துக்கொண்டான்.

*

தீயணைப்பு வண்டிகள் நின்ற கூடம்தான் இப்போது அலுவலகம். ஒரு மேஜையில் வரைபடங்கள், இன்னொன்றில் வரிசையாகக் கதவுக் குமிழ்கள், சன்னலோரம் ஊறல் சுண்ணாம்பு ஜாடிகள். சுவரில் ஒரு பலகை, அதில் ஊசியால் குத்திய துண்டுச் சீட்டுகள். டிக்கெட் அவற்றைப் படிக்காமல் இருப்பானா?

'கிழக்குச் சுவர் காய்ந்தது. அளக்கலாம்.' கீழே வேறு கையெழுத்தில், 'அளந்தாச்சு.'

'மணல் சலிக்கும் இடத்தில் டேப் கிடந்தது. மேஜையில் வைத்துள்ளேன்.' கீழே, 'பார்த்தேன்.'

"தந்தி ஆபீஸ் மூடி இத்தனை வருஷம் ஆச்சு, இங்க மட்டும் இன்னும் நடக்குது போல!"

ஆர்க்கிடெக்ட் சங்கடத்துடன் காதைச் சொறிந்தார். பென்சில் கீழே விழுந்தது. "கொத்தனாரம்மாவும் எங்க அளவுக்காரம்மாவும். அண்ணியும் நாத்தனாரும்தான். பதினாலு மாசமாப் பேச்சு கிடையாது. எல்லாம் சீட்டுலதான்."

அதே பதினாலு மாதம்! டிக்கெட் அக்காவைப் பார்த்தான். அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாதபோதுதான் அவள் எதையாவது பிடித்திருப்பாள்.

அளவுக்காரி உள்ளேயிருந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு டேப் மாலைபோலத் தொங்கியது. அங்கே எல்லாரும் அவளை அரை மில்லி என்றார்கள். ஏன் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது.

"அந்தக் கோபுரம் அறுபதடி இருக்குமா?" என்று டிக்கெட் பேச்சுக்குக் கேட்டான்.

"ஐம்பத்தெட்டு அடி, ஏழேகால் அங்குலம். தெற்கு ஓரத்துல கால் அங்குலம் கம்மி."

"எங்க அக்கா உயரத்தையும் சொல்லிடாதீங்க. வீட்டுல ரொம்ப நாளா அதை மறைச்சு வெச்சிருக்கோம்."

அரை மில்லியின் உதடு சிரிக்கப் பார்த்து, சிரிக்காமல் இறுகியது.

"சாட்சிகளை ஒட்டினது யாரு?" என்று அக்கா கேட்டாள்.

"நான்தான். வாரா வாரம் பாத்து நோட்டுல எழுதுறதும் நான்தான். அறுபது வாரம். ஏழும் முழுசா இருக்குன்னு கையெழுத்து போட்டிருக்கேன்."

"மேல இருக்கிற நாலையும் எப்படிப் பாப்பீங்க?"

"கீழ இருந்து பாத்தாலே தெரியுமே. கண்ணாடி உடைஞ்சா பளபளப்பு மாறும்."

"கிட்டப் போய்த் தொட்டுப் பாக்கிறதில்ல?"

"சாரம் பிரிச்சப்புறம்..." அவள் டேப்பை இழுத்து இழுத்து விட்டாள். "ஏணி வேணும்னா கருவி அறைக்குச் சீட்டு எழுதணும். எதுக்குன்னு காரணம் எழுதணும்."

"அண்ணியோட பேச்சு எதுக்கு நின்னுது?"

"வேலை நேரத்துல வீட்டு விஷயம் பேசுறதில்லைங்க." அவள் உள்ளே போய்விட்டாள்.

"புரிஞ்சுபோச்சுக்கா!" டிக்கெட் கிசுகிசுத்தான். "நாத்தனார் வேலைதான். அண்ணியைக் கவுக்கணும்னு சாட்சியை மாத்தி, நோகாம உடைச்சு வெச்சுட்டா. பழி சுண்ணாம்பு மேல விழும். பேசாம இருந்தே பழி வாங்கிட்டா பாருங்க!"

"கவுக்க நினைக்கிறவ, அதுக்கு ஈரத்துணி போட்டுப் பாத்துப்பாளாடா?"

டிக்கெட் தன் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். அது அபூர்வம்.

அக்கா ஆர்க்கிடெக்ட் பக்கம் திரும்பினாள். "ஒரு கட்டடத்துல இருந்து எதையாவது பிரிச்சு எடுத்தா என்ன பண்ணுவீங்க? உடைஞ்ச ஓடு, துருப்பிடிச்ச ஆணி?"

"எறிய மாட்டோம்! எது எடுத்தாலும் துணிப்பை, அதுக்கு ஒரு சீட்டு. எங்கருந்து எடுத்தது, எந்தத் தேதி, யார் எடுத்ததுன்னு எழுதணும். அப்புறம் பதிவேட்டுல நம்பர். பின்னாடி வர்றவங்க திரும்ப வைக்கணும்னா வேணும் இல்லையா? இங்க சேர்ற ஒவ்வொருத்தருக்கும் முதல் பாடமே அதுதான்."

பொருள் அறை இருட்டாக, பழைய மரத்தின் வாசனையோடு இருந்தது. கூரை வரைக்கும் அலமாரிகள். ஒவ்வொரு தட்டிலும் சின்னச் சின்னத் துணிப்பைகள், வரிசையாக, காதில் சீட்டோடு.

"பதிவேட்டுல கடைசி நம்பர் என்ன?"

"அறுநூத்துப் பதினொண்ணு."

"டேய், எண்ணு."

நெரிசலான பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலை எண்ணிய கண்கள் அவனுடையவை. இடது கை விரல்கள் மடங்கி மடங்கி விரிய, உதடு முணுமுணுக்க, அலமாரிகளுக்கு நடுவே ஒரு முறை போய் வந்தான். நின்றான். மறுபடி ஒரு முறை போய் வந்தான்.

"அறுநூத்துப் பன்னெண்டு. அக்கா, ஒருத்தர் டிக்கெட் வாங்காம ஏறியிருக்கார்!"

கீழ்த் தட்டின் மூலையில், கதவுக் கீல்களுக்குப் பின்னால் அந்தப் பை ஒளிந்திருந்தது. சீட்டில் அச்சடித்ததுபோலச் சுத்தமான எழுத்து. 'கோபுரம், தெற்குச் சுவர். கீழிருந்து 1, 2, 3.' மூன்று வாரங்களுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தேதி. எடுத்தவர் பெயர் என்ற இடம் காலி. உள்ளே பஞ்சில் சுற்றிய மூன்று கண்ணாடிச் சில்லுகள், மூன்றும் கீறல்கூட இல்லாமல் முழுசாக இருந்தன.

"எந்தக் களவாணியாவது களவாண்ட பொருளைப் பஞ்சுல சுத்தி, தேதி போட்டு, ஆபீஸ் அலமாரிலயே வெப்பானா?" டிக்கெட்டுக்கு நிஜமாகவே தாங்கவில்லை.

"வெளியாளா இருந்தா குப்பைல போட்டிருப்பான். இவங்களுக்கு அது கை வராது. தப்புப் பண்ணும்போதும் முறையோட பண்ணியிருக்காங்க." அக்கா ஒரு சில்லைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். வலது ஓரப் பொட்டின் அடியில் செங்கல் துணுக்குகள் பிய்ந்து ஒட்டியிருந்தன. சுவரை இறுக்கப் பிடித்திருந்ததைப் பெயர்த்து எடுத்த அடையாளம். இடது ஓரப் பொட்டின் அடி வழவழவென்று மாவுபோல இருந்தது. மற்ற இரண்டும் அப்படியே.

"ஒரு பக்கம் மட்டும் பசை தடவின கவர் மாதிரி இருக்கு," என்றான் டிக்கெட்.

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "என்ன சொன்னே?"

"சும்மா சொன்னேன்க்கா. காசு கேக்காதீங்க."

"ஏணி எங்கடா இருக்கு?"

வாசலில் ஏதோ விழுந்தது. அரை மில்லி நின்றிருந்தாள். டேப் அவள் காலடியில் சுருளவிழ்ந்து கிடந்தது. அவள் முகம் சுண்ணாம்பு ஜாடியைவிட வெளுத்திருந்தது.

*

இன்ஜினியர் மூன்றரைக்கே வந்துவிட்டார். கக்கத்தில் தாள் அட்டை, கையில் மூடி திறந்த பேனா. அவசரக்காரர்கள் மேல் டிக்கெட்டுக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. படிக்கட்டில் ஏறும் காலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவான். இவர் காலைப் பார்த்தான். ஷூ விளிம்பு முழுக்க ஈரச் சேறு, நீலம் பாய்ந்த களிமண்.

"சார், ஊருக்கே ஒரு மாசமா மழை இல்ல. உங்களுக்கு மட்டும் தனியாப் பெய்யுதா?"

"யாருய்யா நீ?" இன்ஜினியர் அவனைத் தாண்டிப் போய் உடைந்த சாட்சிகளை ஒரு பார்வை பார்த்தார். "கண்ணாடி உடைஞ்சிருக்கு. அப்போ சுவர் நகர்ந்திருக்கு. சுவர் நகர்ந்திருக்குன்னா சுண்ணாம்பு சரியில்ல. ரெண்டே வரி. கொத்தனார் பேர் என்ன?"

ஈரச்சாக்கு ஓரடி முன்னே வந்தாள். அவளுக்குப் பின்னால் அரை மில்லி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். இருவருக்கும் நடுவில் நாலு எட்டுத் தூரம், பதினாலு மாத மௌனம்.

"ரெண்டாவது வரிக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை என் தம்பி ஏணி ஏறிடட்டும்," என்றாள் அக்கா.

"நானா!" என்றான் டிக்கெட். "அக்கா, நான் படிக்கட்டுல தொங்கினவன். அது பூமில இருந்து ஒன்றரை அடி."

பேசிக்கொண்டே ஏறினான். பதினைந்தடி ஏறியதும் பேச்சு நின்றது. காலடியில் அந்த உறுமல் மறுபடி கேட்டது, ஊம் என்று. இந்த முறை ஏணியிலும் கேட்டது. வயிறு இவ்வளவு சத்தம் போடாதே என்று முதல் தடவையாகச் சந்தேகப்பட்டான்.

"நாலாவது சாட்சிகிட்ட வந்துட்டேன். முழுசா இருக்கு."

"உன் பையில பழைய டிக்கெட் ஒண்ணு எப்பவும் இருக்குமே. அதை எடுத்து, இடது பக்கப் பொட்டுக்கு அடியில விட்டுப் பாரு."

அவன் சட்டைப் பையில் கடைசி நாள் கிழிக்காமல் விட்ட ஒரு டிக்கெட் இருந்தது. எடுத்தான். பொட்டுக்கும் சுவருக்கும் நடுவே வைத்தான். தபால் பெட்டிக்குள் கடிதம் போவதுபோல உள்ளே போய்விட்டது.

"அக்கா! இது சுவரைத் தொட்டுக்கிட்டு இருக்கு, பிடிச்சுக்கிட்டு இல்ல!"

கீழே ஆர்க்கிடெக்ட் "ஐயோ" என்றது கேட்டது.

"மத்ததையும் பாரு. பொட்டைச் சுத்தி வெள்ளை எப்படி அடிச்சிருக்குன்னும் சொல்லு."

ஏழாவது வரை ஏறினான். நான்குமே அப்படித்தான். "கண்ணாடி மேல படாம சுத்தி அழகா அடிச்சிருக்காங்க. ஆனா இடது பொட்டுக்கு இந்தண்டை கொஞ்சம் இடத்துல வெள்ளையே இல்ல, வெறும் செங்கல் தெரியுது. நாலாவதுகிட்ட தீக்குச்சி அகலம் இருந்துச்சு. இங்க உச்சில ரெண்டு தீக்குச்சி தாராளமா இருக்கும்."



"இறங்குடா," என்றாள் அக்கா. அந்தக் குரலை டிக்கெட் இதற்கு முன் இரண்டே முறை கேட்டிருக்கிறான். "எல்லாரும் வெளிய வாங்க. இப்பவே. பேச்சு அப்புறம்."

*

முற்றத்தில், கோபுர நிழல் எட்டாத தூரத்தில் போய் நின்றதும் அக்கா மூச்சு விட்டாள்.

"நான் வந்ததுல இருந்து தப்பான கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். கீழ இருக்கிற மூணும் ஏன் உடைஞ்சுதுன்னு கேட்டேன். மேல இருக்கிற நாலும் ஏன் உடையலைன்னு கேட்டிருக்கணும்." ஆர்க்கிடெக்டைப் பார்த்தாள். "ஏழு சாட்சியும் ஒட்டின நாள்ல இருந்தே இடது பக்கம் பிடிக்கல. ஒரு பக்கம் மட்டும் பிடிச்ச கண்ணாடி, சுவர் என்ன ஆட்டம் ஆடினாலும் உடையாது. மூணு வாரம் முன்னாடி அதைக் கண்டுபிடிச்ச ஒருத்தர், கைக்கு எட்டின மூணை மட்டும் எடுத்துட்டு ஒழுங்கா ஒட்டியிருக்காங்க. அந்த மூணுதான் உடைஞ்சிருக்கு. உடைஞ்ச மூணும் உண்மை. உடையாத நாலும்தான் பொய்ச்சாட்சி."

"நானும் அதைத்தானே சொன்னேன்!" இன்ஜினியர் அட்டையைத் தட்டினார். "சுவர் நிஜமாவே நகர்ந்திருக்கு. சுண்ணாம்பு சரியில்ல. கொத்தனார் பேர்?"

டிக்கெட்டுக்குப் பகீரென்றது. "அக்கா, நம்ம கோல் போஸ்ட்லயே கோல் போட்டுட்டீங்களே!"

"பொறுடா. எப்போ நகர்ந்துச்சு? அதை அந்தப் பொய்ச்சாட்சிகளே சொல்லிடுச்சு." அக்கா ஈரச்சாக்கிடம் திரும்பினாள். "வெள்ளையடிச்சது எப்போ?"

"ஆறு வாரம் ஆச்சு. சாரம் பிரிக்கிறதுக்கு முன்னாடி."

"அன்னைக்குப் பொட்டு இருந்த இடத்தைச் சுத்தித்தான் நீங்க அடிச்சீங்க. இன்னைக்குப் பொட்டு அங்க இல்ல, சுவர் விலகிப் போயிருக்கு. அப்போ இவ்வளவு நகர்வும் இந்த ஆறு வாரத்துக்குள்ள நடந்தது. அடிச்சுவர்ச் சுண்ணாம்பு வெச்சுப் பதினாலு மாசம். என் ஹேர்பின்னையே வளைச்ச சுண்ணாம்பு. ஒரு வருஷம் அசையாம இறுகிட்டு, திடீர்னு ஆறு வாரத்துல இளகிடுமா சார்? இந்த ஆறு வாரத்துல இங்க புதுசா என்ன வந்துச்சு?"

டிக்கெட் இன்ஜினியரின் ஷூவைப் பார்த்தான். பிறகு முற்றத்தின் ஓரத்தில் ஆளுயரத்துக்கு நின்ற தகர வேலியைப் பார்த்தான். வயிற்றைத் தொட்டான். வயிறு சும்மா இருந்தது. உறுமல் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

ஓடிப் போய்த் தகரத்தின் இடுக்கில் கண்ணை வைத்தான். "அக்கா! இங்க ஒரு கிணறு மாதிரிப் பள்ளம் தோண்டியிருக்காங்க. அடியில நீலக் களிமண். பெரிய பம்பு ஒண்ணு ராட்சசன் மாதிரித் தண்ணி உறிஞ்சுது. சார் ஷூவும் பள்ளமும் ஒரே நிறம், அண்ணன் தம்பி மாதிரி!"

"கார் நிறுத்துற இடம் கட்டுறாங்க," என்றார் இன்ஜினியர். சொல்லும்போதே குரல் தேய்ந்தது. "நிலத்தடித் தண்ணியை எடுத்துத்தான் ஆகணும்..."

"எப்போல இருந்து?"

"பத்துப் பன்னெண்டு நாளா."

ஆர்க்கிடெக்ட் மெதுவாகப் பேசினார். அந்த நிதானம்தான் பயமாக இருந்தது. "மண்ணுல இருக்கிற தண்ணியை உறிஞ்சினா மண் அமுங்கும். மண் அமுங்கினா மேல நிக்கிற சுவர் பிளக்கும். எங்களைக் கேக்காம பம்பு போட அனுமதி குடுத்தது யாரு சார்?"

மூடி திறந்த பேனா காற்றிலேயே நின்றது. அட்டையிலிருந்த தாளில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த அந்த இரண்டு வரிகளை எல்லாரும் பார்த்தார்கள். யாரும் வேலிப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் ஒரு கொத்தனாரம்மாவின் பெயரை எழுதிவிட்டுப் போக ஏன் அவ்வளவு அவசரம் என்று இப்போது கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அந்தப் பேனாவாலயே ரெண்டாவது வரியை அடிச்சுடுங்க சார்," என்றாள் அக்கா. "அடிச்சுட்டு, பம்பை நிறுத்தச் சொல்லுங்க. இல்லேன்னா கோபுரம் அந்தப் பள்ளத்துலதான் வந்து உக்காரும். அப்போ சாட்சி சொல்லக் கண்ணாடி தேவைப்படாது."

இன்ஜினியர் அடித்தார். கோடு கோணலாகப் போனது. போனைக் காதில் வைத்துக்கொண்டு வேலியை நோக்கி நடந்தார். சேற்று ஷூ கனமாக விழுந்தது.

"மூணை மாத்தினது நான்தான்."

அரை மில்லியின் குரல். அவள் யாரையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னாள். "ஒட்டின அன்னைக்கு அண்ணி சொன்னாங்க, செங்கல்லுக்கு முதல்ல குடிக்கக் குடு, அப்புறம் ஒட்டுன்னு. எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. எனக்கு வேலை தெரியாதான்னு கோபம். தண்ணி தெளிக்காமலே ஒட்டினேன். வலது பக்கம் அண்ணி அப்போதான் வேலை முடிச்ச ஈரச் சுவர், பிடிச்சுக்கிச்சு. இடது பக்கம் காஞ்ச செங்கல். சுண்ணாம்புல இருந்த தண்ணியை அதுவே உறிஞ்சிடுச்சு. மூணு வாரம் முன்னாடி துடைக்கும்போது பொட்டு கையோட வந்துச்சு. பிடிக்காத கண்ணாடியைப் பாத்து அறுபது வாரம் கையெழுத்து போட்டிருக்கேன். ஏணிச் சீட்டுல அதை எழுத முடியல. காலைல அண்ணி மேல பழி விழுந்தப்பவும் வாய் வரல."

அக்கா ஈரச்சாக்கைப் பார்த்தாள். "உங்களுக்குக் காலைலயே தெரியும். அதான் தொட்டுப் பாக்கல."

"அந்த ஈரத்துணிச் சதுரத்தைப் பாத்ததும் தெரிஞ்சுது," என்றாள் ஈரச்சாக்கு. "எங்க வீட்டுல துணியை நாலா மடிச்சு, ஓரம் பிசகாம வைக்கிறவ இவ ஒருத்திதான்."

"அப்போ ஏன் சொல்லல?" டிக்கெட்டால் பொறுக்க முடியவில்லை. "உங்க முப்பது வருஷப் பேரு போயிருக்குமே!"

"சொல்றதுன்னா முதல்ல இவகிட்டதானே சொல்லணும்? இவகிட்டதான் பேச்சு இல்லையே."

அப்போதுதான் உறுமல் நின்றது. பத்துப் பன்னிரண்டு நாளாகக் காதில் இருந்துகொண்டே இருந்ததை, அது நின்ற பிறகுதான் அங்கே எல்லாரும் கேட்டார்கள்.

ஆர்க்கிடெக்ட் முதலில் அசைந்தார். நாளைக்குச் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் பம்பு நிஜமாகவே நின்றதா, சுவர் நகர்வது நிஜமாகவே நின்றதா என்பதை இன்றே கவனிக்க ஆரம்பிக்க வேண்டும். வெடிப்பின் வெளிப்புறம் முற்றத்தைப் பார்த்து இருந்தது. அங்கே புதுச் சாட்சி ஒன்று வேண்டும் என்றார். ஒட்டி முடிக்கும்வரை மட்டும் சுவரருகே நிற்கலாம், அதற்குமேல் ஒரு நிமிஷம் கூடாது.

அரை மில்லி உள்ளே போனாள். வரும்போது ஒரு கையில் கண்ணாடிச் சில்லு, மறு கையில் பதிவேடு. புதிதாகச் சேர்த்த அறுநூற்றுப் பன்னிரண்டாம் நம்பருக்கு நேரே, எடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, ஆர்க்கிடெக்டிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

அவள் சில்லோடு சுவரருகே போய் நின்றாள். பின்னால் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. ஈரச்சாக்கு அவள் தோளைத் தாண்டி ஒரு பிரஷ்ஷை நீட்டினாள், தண்ணீர் சொட்டச் சொட்ட.

"ரெண்டு பக்கமும் குடு," என்றாள்.

அரை மில்லி பிரஷ்ஷை வாங்கினாள். இடது பக்கச் செங்கல் தண்ணீரைச் சத்தத்தோடு குடித்தது. மறுபடி கொடுத்தாள். மறுபடி குடித்தது. மூன்றாம் முறை ஈரம் மேலேயே மினுங்கி நின்றது.

"போதுமா அண்ணி?"

"போதும்."

டிக்கெட் அக்காவிடம் திரும்பினான். கிண்டலாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவன் வயிறு உறுமியது. இந்த முறை வயிறேதான்.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளத்தின் விளிம்பில் நின்று யாருடனோ இன்னமும் போனில் பேசிக்கொண்டிருந்த இன்ஜினியரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மில்லி ஈரச் சுண்ணாம்பில் ஆணி நுனியால் இன்றைய தேதியைக் கீறி முடித்தாள்.